சுரங்க ரயில் தூசு: வாசகர் கேள்விகள்

கேள்வி: சுரங்க ரயிலில் போய்வந்த நாட்களில் மூக்குச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. அங்கே புகை விடும் வண்டி எதுவும் இல்லையே?

பதில்: வருவது புகையல்ல, பெரும்பாலும் இரும்பு. சக்கரமும் தண்டவாளமும் உரசும்போதும், பிரேக் அழுத்தும்போதும் உதிரும் துகள்கள் காற்றுப்பட்டு இரும்பு ஆக்சைடாகின்றன. உள்ளே மழை கழுவாது, காற்றும் அடித்துச் செல்லாது. அடுத்த ரயில் காற்றை பிஸ்டன்போல் தள்ளி, படிந்ததையும் கிளப்பிவிடும். கைக்குட்டையில் தெரிவது மூக்கு பிடித்து நிறுத்திய பெரிய துகள். அதை நினைத்துக் கலங்க வேண்டாம். 2.5 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவானது கண்ணில் படாமலேயே நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடும்.

கேள்வி: கையடக்கக் கருவி வாங்கி பிளாட்பாரத்தில் அளந்தேன். அந்த எண்ணை நம்பலாமா?

பதில்: அப்படியே நம்பாதீர்கள். இந்தக் கருவிகள் துகளின் மேல் ஒளி பட்டுச் சிதறுவதைப் பார்த்து எடையை ஊகிக்கின்றன. அந்த ஊகம் தெருத் தூசியை வைத்துச் செய்தது. அதே பருமனுள்ள இரும்பு ஆக்சைடு துகள் சுமார் மூன்று மடங்கு கனம். ஆகவே சுரங்கத்தில் கருவி குறைத்துக் காட்டத்தான் வாய்ப்பு அதிகம். வடிதாளில் தூசு பிடித்து எடைபோடும் முறையே சரியானது. உங்கள் கருவியை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: பிளாட்பாரமா பெட்டியா, ஜன்னல் திறந்தா மூடியா என்று.

கேள்வி: தினமும் 40 நிமிடம் பயணம். உடம்புக்கு எவ்வளவு கெடுதல்?

பதில்: சுரங்கக் காற்றில் 2.5 மைக்ரானுக்குக் குறைவான துகள் கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 200-ஐ 40-ஆல் பெருக்கி, ஒரு நாளின் 1,440 நிமிடங்களால் வகுத்தால் நாள் முழுவதற்கும் சராசரியாக 5.6 வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேரச் சராசரி வரம்பு, அதே அலகில், 15. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தப் பயணத்திலேயே போய்விடுகிறது. 200 மிகையான எண் அல்ல: லண்டனின் விக்டோரியா சுரங்க ரயில் தடத்தில் ரயிலுக்குள் சராசரி 381 என்று 2020-இல் வெளியான ஆய்வு சொன்னது.

ஆனால் அந்த 15 வெளிக்காற்றை வைத்து வகுத்த அளவு. இரும்புத் துகளுக்கு அப்படியே பொருந்துமா என்பது இன்னும் தீராத கேள்வி. ஸ்டாக்ஹோம் சுரங்கத் துகள்கள், வளர்த்த நுரையீரல் செல்களின் மரபணுவைத் தெருத் தூசியைவிட அதிகமாகச் சேதப்படுத்தின. ஆனால் அதே ஸ்வீடன் நாட்டுச் சுரங்க ரயில் ஓட்டுநர்களிடம் மாரடைப்பு கூடியதாகத் தெரியவில்லை. மாரடைப்பு கூடவில்லை என்பதற்காக ஆஸ்துமாக்காரர் அலட்சியமாக இருக்கக் கூடாது.

கேள்வி: முகக்கவசம் போதுமா?

பதில்: துணி மாஸ்க் போதாது. அறுவைசிகிச்சை மாஸ்க்கில் வடிகட்டும் துணி நன்றாகவே இருந்தாலும் கன்னத்தோரம் காற்று புகுந்துவிடும். என்95 சரியாகப் பொருந்தினால் 0.3 மைக்ரான் துகளிலும் 95 சதவீதத்தைத் தடுக்கும். மூக்குக் கம்பியை இரு கை விரலாலும் அழுத்தி, வேகமாக மூச்சு விடுங்கள். மூக்குக்கண்ணாடி பனித்தால் மேலே கசிகிறது. தாடி இருந்தால் பொருந்தவே பொருந்தாது. படி இறங்குமுன் மாட்டுங்கள். பிளாட்பாரத்தில் நின்று பட்டையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: எங்கே நிற்பது?

பதில்: ரயில் நுழையும் முனையைத் தவிருங்கள்; தள்ளி வரும் காற்று முதலில் அங்கேதான் அடிக்கும். சுரங்கத்துக்குள் பெட்டி ஜன்னலை மூடிவையுங்கள். ரயிலைப் பிடிக்க ஓடாதீர்கள்: மூச்சு வாங்கும்போது உள்ளே போகும் காற்றும் தூசும் பல மடங்காகும்.