சேலத்தில் நன்றாக ஓடும் என் பழைய கார்புரேட்டர் பைக், ஏற்காடு ஏறும்போது மட்டும் திணறுவது ஏன்?

சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. மேலே காற்றின் அடர்த்தி 10 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு அது தெரியாது, காற்றுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே பெட்ரோலை விடும். அதனால் இழுவை கொஞ்சம் குறைவது இயல்புதான். ஆனால் திணறுகிறது என்றால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி அப்பியிருந்தால் என் முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர்மேல். அடைத்த ஃபில்டர் சமவெளியில் சமாளித்துவிடும், 20 கொண்டை ஊசி வளைவுகளில் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக்கையும் பாருங்கள் (அதை ஆஃப் செய்யாமலே நான் பாதி மலை ஏறியிருக்கிறேன்!).

இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

அப்புறம், சின்ன ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொன்னால் வேண்டாம். கீழே இறங்கியதும் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும்.