பத்து டிகிரியில் தொடங்குங்கள்

கேள்வி: என் நிறுவனம் ஆறு மாத வேலைக்கு என்னைச் செக் நாட்டின் பிர்னோ நகருக்கு அனுப்புகிறது. எப்போதாவது ஒரு பீர் குடிப்பதோடு சரி. அந்த நாட்டு பீரையும் ஒயினையும் பழச்சாராயத்தையும் பலர் புகழ்கிறார்கள். எதை, எங்கே, எப்படிக் குடித்தால் அருமை தெரியும்? உடன் இருப்பவர்கள் ஊற்றிக்கொண்டே இருந்தால் எப்படி மறுப்பது?
- கோவை வாசகர்

பதில்: முதலில் பீர்தான். பெரிய பிராண்டைத் தேடி அலையாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் நிறைந்திருக்கும் கடைக்குப் போய் ‘டெசீட்கா’ என்று கேளுங்கள், பத்து டிகிரி பீர் வரும். அந்தப் பத்து, ஆல்கஹாலின் அளவு அல்ல. நொதிக்கும் முன் சாற்றில் மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து இறங்கிய சர்க்கரை முதலானவை நூற்றில் பத்துப் பங்கு என்று கணக்கு. ஆல்கஹால் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பன்னிரண்டு டிகிரியில் சுமார் 5. மாலை முழுக்க உட்கார்ந்து பேசுவதற்கு ஏற்றது பத்துதான். ‘ஸ்ட்ராங்’ என்று லேபிளில் இருப்பதைத் தேடி வாங்கும் நம்மூர்ப் பழக்கம் இருந்தால் அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

குவளை வந்ததும் மேலே மூன்று விரல் கனத்துக்கு நுரை நிற்கும். அளவில் ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அரை லிட்டருக்குக் குவளையிலேயே கோடு போட்டிருப்பார்கள். அந்த நுரை பீரைக் காற்றிலிருந்து காக்கிறது. குளிர்ந்த நீரில் அலசிய ஈரக் குவளையைச் சாய்த்துப் பிடித்து, முதலில் நுரையை இறக்கி, அதன் அடியிலேயே பீரை நிரப்புகிறார்கள். இந்த ஊற்றுக்கு ‘ஹ்லாடிங்கா’ என்று பெயர். நல்ல நுரை குமிழாக உடையாது. பாலாடைபோல் ஈரமாக, கெட்டியாக இருக்கும். ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணாடியில் ஒரு வெள்ளை வளையம் படியும். ஏறக்குறைய முழுவதும் நுரையாகவே தரும் ‘மிலீகோ’வும் உண்டு. நுரை அமரும் முன் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். கசப்பு அடங்கி இனிப்பு மேலோங்கும். பீர் ஊற்றுவதை இவ்வளவு மதிக்கும் இன்னொரு நாட்டை நான் அறியேன். அதனால்தான் பாட்டிலை வாங்கி அறையில் உட்கார்ந்து குடிக்காதீர்கள் என்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பில்ஸென் நகருக்கு ஒதுக்குங்கள். 1838இல் அந்த ஊர் மக்கள் கெட்டுப்போன பீரை 36 பீப்பாய் கொண்டுவந்து நகர மன்றத்தின் முன் கொட்டினார்கள். பிறகு ஊரே சேர்ந்து புது ஆலை கட்டியது. ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த பீர் தயாரிப்பாளர் யோசப் குரோல் 1842 அக்டோபரில் அங்கே வடித்த பொன்னிற பீர்தான் இன்று உலகமெங்கும் குடிக்கும் வெளிர் லாகர் என்ற பீர் வகைக்கு மூலம். அந்த ஊரின் மென்மையான தண்ணீரும், ஜாடெட்ஸ் வட்டாரத்தில் விளையும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்பூவும், நாட்டின் கிழக்கே உள்ள மொராவியாவின் பார்லியும் சேர்ந்து தந்த சுவை அது. ஆலையின் நிலவறையில் மரப்பீப்பாயிலிருந்து வடிகட்டாமல் தருவார்கள். கட்டாயம் குடித்துப் பாருங்கள்.

மறுப்பது பற்றிக் கேட்டீர்கள். பல கடைகளில் குவளை காலியானால் கேட்காமலே அடுத்தது வரும். மேஜையில் கிடக்கும் சீட்டில் கணக்குக்கு ஒரு கோடு ஏறும். போதும் என்றால் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து அதன் மேல் வைத்துவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். ஆல்கஹால் இல்லாத பீரும் ‘கோஃபோலா’ என்ற அவர்கள் ஊர்க் குளிர்பானமும் எங்கும் கிடைக்கும். அதைக் கேட்பவரை யாரும் குறைவாக எண்ணுவதில்லை. வாழ்த்திக் குவளையை மோதும்போது மட்டும் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். அதுதான் அங்கே மரியாதை.

ஒயின் விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி உங்கள் பிர்னோவுக்குத் தெற்கே, மொராவியாவில்தான் இருக்கிறது. வெள்ளை ஒயினைத் தேர்ந்தெடுங்கள். மணம் மிகுந்த ‘பாலவா’ அந்த மண்ணிலேயே கலப்பினமாக உருவாக்கிய திராட்சை ரகம். கிராமத்து நிலவறைகளில் உரிமையாளரே நீண்ட கண்ணாடிக் குழாயால் பீப்பாயிலிருந்து உறிஞ்சியெடுத்துக் கோப்பையில் விடுவார். இலையுதிர் காலத்தில் அங்கே இருந்தால் ‘புர்ச்சாக்’ குடிக்கலாம். பாதி நொதித்த, கலங்கலான, இனிப்பான திராட்சைச் சாறு அது. ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 30 வரைதான் விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. பாட்டிலின் மூடியை இறுக்காதீர்கள். உள்ளே இன்னும் நொதித்துக்கொண்டிருப்பதால் வெடித்துவிடும். சாறுதானே என்று மடமடவென்று குடித்தவர்கள் எழுந்திருக்கும்போதுதான் அதன் வேகத்தை உணர்வார்கள்.

பழச்சாராயத்தில் ஸ்லிவோவிட்சே ஒன்று போதும். கனிந்த பிளம் பழத்தை நொதிக்க வைத்து இருமுறை வடிப்பது. ஆல்கஹால் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மொராவியக் குடும்பங்கள் தங்கள் தோட்டத்துப் பழத்தை உரிமம் பெற்ற வடிப்பாலைக்கு எடுத்துச் சென்று வடித்து வருகின்றன. அப்படிப்பட்ட வீட்டில் சிறு கோப்பையில் கொடுத்தால் மறுக்காமல் வாங்கி, முகர்ந்து, மெல்லப் பருகுங்கள். இரண்டாவதை மறுக்கலாம். கார்லோவி வாரியின் மூலிகை மதுவான பெகரோவ்காவை ‘டானிக் வாட்டர்’ என்ற கசப்புச் சோடா கலந்து குடிப்பது எனக்குப் பிடிக்கும். முத்திரை இல்லாத மலிவுப் பாட்டிலை மட்டும் எவர் தந்தாலும் தொடாதீர்கள். 2012 செப்டம்பரில் மெத்தனால் கலந்த சாராயத்தால் பலர் இறந்து, 20 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவின் விற்பனையையே அரசு நாடு முழுவதும் நிறுத்த வேண்டியிருந்தது.

திராட்சை ஊர்களுக்குக் காரில் போகாதீர்கள். அங்கே கார் ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹால் துளியும் இருக்கக் கூடாது. பிர்னோவிலிருந்து ஸ்னோய்மோவுக்கும் மிகுலோவுக்கும் ரயிலும் பஸ்ஸும் உண்டு. திரும்பும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.