மெதுவாக ஓட்டவும் படகைப் பழக்க வேண்டும்: ட்ரோலிங் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. படகு மெதுவாகப் போக மறுக்கிறது, இல்லாவிட்டால் மெதுவாகப் போகும்போது ஏதாவது ஒன்று கெட்டுப்போகிறது. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு என்ஜின் வேகமாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. ட்ரோலிங்கோ தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடைவேகத்தில் மணிக்கணக்காகப் போவது. படகை அதற்கென்று தனியாகத் தயார் செய்யத்தான் வேண்டும். பெங்களூரிலிருந்து ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு ஹேமாவதிக்கும் மேட்டூருக்கும் கிளம்புகிறவர்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

14 அடி ஃபைபர் படகு, பழைய 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் என்ஜின். கியர் போட்டதுமே 6 கிலோமீட்டர் வேகம் வந்துவிடுகிறது. அப்படியே ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் பிளக் கருத்து என்ஜின் நின்றுபோகிறது. ஆயிலைக் குறைத்துக் கலக்கலாமா அண்ணா? (ராமமூர்த்தி நகர்)

குறைக்கவே கூடாது தம்பி. பிளக் கருப்பதை அது கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. அந்த அளவைத் தொடாதீர்கள். எந்த ஆயில் என்பதைப் பாருங்கள். பைக்குக்கான டூ-ஸ்ட்ரோக் ஆயில் காற்றில் குளிரும் என்ஜினுக்கானது. தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுக்கு டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்க வேண்டும். பிளக் கருத்துப்போவதாக என்னிடம் வருகிற படகுகளில் முதலில் நான் பார்ப்பது அந்த டப்பாவைத்தான்.

அடுத்தது, என்ஜின் எங்கிருந்து வந்தது? கடற்கரையில் ஓடிய பழைய என்ஜின்களைத்தான் இங்கே பலரும் வாங்குகிறார்கள். அவற்றின் கார்புரேட்டர் கடல் மட்டக் காற்றுக்கு அமைக்கப்பட்டது. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஹேமாவதி அணையும் ஏறக்குறைய அதே உயரம். காற்று மெலிதாக இருப்பதால் அதே ஜெட்டில் (கார்புரேட்டரின் பெட்ரோல் துளையில்) பெட்ரோல் அதிகமாகப் போகும், புகையும் கரியும் கூடும். 300 மீட்டருக்கு 3 சதவீதம் என்ற கணக்கில் சக்தியும் குறையும். நல்ல மெக்கானிக்கிடம் காட்டி ஐடில் கலவைத் திருகைச் சரிசெய்தாலே நிலைமை பாதி மாறிவிடும். மேட்டூர் நீர்ப்பரப்போ 240 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே இறக்குவதற்கு முன் அந்தத் திருகை மறுபடி பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும், அரைமணிக்கு ஒருமுறை தூண்டில்களைச் சுருட்டிவிட்டு ஐந்து நிமிடம் முக்கால் திராட்டிலில் ஓட்டுங்கள். சேர்ந்த கரி எரிந்துபோகும். மாற்றுப் பிளக்கும் பிளக் ஸ்பேனரும் படகை விட்டு இறங்கக் கூடாது.

வேகத்தைக் குறைக்க எளிய வழி, படகின் இரு பக்கமும் நடுப்பகுதியில் துணியாலான இழுவைப் பையைக் கட்டித் தண்ணீரில் விடுவது. அடியில் ஓட்டை போட்ட கெட்டியான வாளியும் போதும். கயிற்றின் நீளத்தில்தான் கவனம் வேண்டும்: வாளி பின்னால் எவ்வளவு போனாலும் பங்காவை (என்ஜினின் சுழலும் இறக்கையை) தொட முடியாத நீளமாக இருக்கட்டும். வேகத்தை போன் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். 3 முதல் 5 கிலோமீட்டருக்குள் பெரும்பாலான மூழ்கும் லூர்கள் (செயற்கை இரைகள்) நன்றாக ஆடும். எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். லூரைப் படகோரமாகவே இரண்டு மீட்டர் நீளத்தில் விட்டு, வால் துடிக்கிறதா, பக்கவாட்டில் கவிழ்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு பின்னால் அனுப்புங்கள்.

எலெக்ட்ரிக் மோட்டார் வாங்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் சும்மா கிடக்கும் 150 ஆம்பியர்-அவர் இன்வெர்ட்டர் பேட்டரியையே படகில் வைக்கலாமா? எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும்? (ஜீவன்பீமா நகர்)

ட்ரோலிங்குக்கு எலெக்ட்ரிக் மோட்டார் மிகப் பொருத்தமானது. சத்தம் இல்லை, பிளக் இல்லை, வேகத்தைத் துல்லியமாக வைக்கலாம். அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: படகு, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 45 கிலோவுக்கு 2 பவுண்டு உந்துவிசை. உங்களுடையது மொத்தம் 450 கிலோ என்றால் 20 பவுண்டு. அது காற்றில்லாத குளத்துக்கான கணக்கு. அணைநீரில் பிற்பகல் காற்றை எதிர்த்துத் திரும்பி வர வேண்டுமே. 50 பவுண்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். 12 வோல்ட்டில் ஓடும் மோட்டார்கள் ஏறத்தாழ 55 பவுண்டோடு நின்றுவிடும், அதற்கு மேல் போனால் 24 வோல்ட், இரண்டு பேட்டரி.

இன்வெர்ட்டர் பேட்டரியை வீட்டிலேயே விடுங்கள். அந்த ட்யூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடை. அசையாமல் நிற்பதற்காகச் செய்தது. படகு சாய்ந்தால் ஆசிட் வெளியே வரும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வேறு வெளிவிடும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பத்துப் பன்னிரண்டு கிலோதான். விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் தேய்ந்துவிடும், இதில் 80 சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம். ட்ரோலிங் வேகத்தில் மோட்டார் 12 ஆம்பியர் இழுத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும், சுமார் ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும். திரும்பி வரும் தூரத்துக்கான மின்சாரத்தை ஒதுக்கிவிட்டுத்தான் மீன் பிடிக்கப் போக வேண்டும். லித்தியத்தில் காலியாகப்போவது முன்கூட்டித் தெரியாது. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று சட்டென்று இணைப்பைத் துண்டித்துவிடும். சார்ஜரும் அதற்கென்றே உள்ளதாக இருக்கட்டும், இன்வெர்ட்டரோடு இணைத்துச் சார்ஜ் செய்ய வேண்டாம்.

இனி வயர். இதில்தான் எனக்குப் பயம். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை மோட்டாருக்கு இழுத்த படகுகளைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி முன்னால், மோட்டார் பின்னால், போக வர 6 மீட்டர் என்று வையுங்கள். 50 ஆம்பியரில் அந்த வயர் 2 வோல்ட்டைத் தின்றுவிடும், அவ்வளவும் சூடாகவே போகும். இன்சுலேஷன் உருகித் தீப்பிடித்தால் தண்ணீர் நடுவில் ஓட இடமில்லை. 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அதே இழப்பு சுமார் 0.3 வோல்ட்தான். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வெல்டிங் கேபிள் கேட்டாலும் கிடைக்கும், வெள்ளீயம் பூசிய வயர்தான் வேண்டும் என்றில்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் பிரேக்கர். வயர் முனையில் லக்கை (உலோக வளையத்தை) நசுக்கி மாட்டியபின் வெப்பத்தில் சுருங்கும் உறை. பட்டாம்பூச்சி நட் அதிர்வில் தளரும், நைலான் பிடிப்புள்ள நட் போடுங்கள்.

பெரிய மீன் அடித்ததில் ராடு ஹோல்டரே (தூண்டில் கோலைச் செருகும் பிடிப்பே) பிய்த்துக்கொண்டு தண்ணீரில் போய்விட்டது. (லிங்கராஜபுரம்)

மர ஸ்க்ரூ போட்டிருப்பீர்கள். ஃபைபர் விளிம்பு மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமன்தான், ஸ்க்ரூ பிடிக்க அதில் ஒன்றுமில்லை. மறுபுறம் வரை துளையிட்டு போல்ட் போடுங்கள். அடியில் 5 மில்லிமீட்டர் அலுமினியத் தகடோ மரைன் பிளைவுட் துண்டோ வைத்து இறுக்கினால் இழுவிசை பரவலாகத் தாங்கும். போல்ட், நட், வாஷர் எல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு). நன்னீருக்கு 304 போதும், கடலுக்கும் போகிற படகானால் 316. துளைக்குள் பாலியூரிதேன் சீலன்ட் தடவுங்கள். குளியலறை சிலிக்கான் சில மாதத்தில் உரிந்து, தண்ணீர் ஃபைபருக்குள் இறங்கிவிடும்.

இரண்டு ராடுகளுக்கு மேல் விடும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்கட்டும், பின்பக்கம் தூண்டில் நரம்பு ஒன்றையொன்று தொடக் கூடாது. திரும்பும்போது பெரிய வட்டமாகத் திரும்ப வேண்டும். உள்வட்டத்து லூரின் வேகம் குறையும், மிதக்கும் வகை மேலே வரும், மூழ்கும் வகை கீழே போகும். வெளிவட்டத்தது வேகமெடுக்கும். மீன் எந்தப் பக்கம் அடித்தது என்று கவனித்தால் அன்றைக்கு எந்த வேகம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். ரீலின் ட்ராகை (நரம்பு வெளியே ஓடுவதைக் கட்டுப்படுத்தும் பிரேக்கை) நரம்பின் தாங்குதிறனில் கால்பங்குக்கு மேல் முறுக்க வேண்டாம். ஓடும் படகின் இழுப்பும் மீனின் இழுப்பும் சேர்ந்தே ராடின் மேல் விழுகின்றன. ராடையும் ஒரு மெல்லிய கயிறால் படகோடு கட்டிவையுங்கள்.

ஹேமாவதியில் லூர்கள் சிக்கிச் சிக்கி அறுந்துபோகின்றன. மேட்டூரிலும் இப்படித்தானா? (சிவாஜி நகர்)

அணை என்றால் அடியில் ஒரு ஊரே கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஹேமாவதி நிரம்பினால் செட்டிஹள்ளி தேவாலயம் பாதி முழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டூரில் நீர் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே வருகின்றன. கண்ணுக்குத் தெரிகிற இவற்றால் ஆபத்தில்லை. ஒரு அடி ஆழத்தில் மறைந்திருக்கும் மதில்சுவரும் மரத்தூரும்தான் பங்காவை உடைக்கின்றன.

அணைகளுக்கு நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி, தினசரி நீர்மட்டம். மேட்டூர் நீர்மட்டம் நாளிதழிலேயே வருகிறது, முழுக் கொள்ளளவு 120 அடி. சிக்கிய இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறிக்கும்போது அன்றைய மட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். மட்டம் 96 அடியாக இருந்த நாளில் ஒரு தூர் இரண்டடி ஆழத்தில் இருந்ததென்றால், 110 அடியில் அது பதினாறடி ஆழத்தில் இருக்கும். படகுக்குப் பயமில்லை, பத்தடி மூழ்கும் லூரும் அதன் மேலே நிம்மதியாகப் போகும். அந்தத் தூரை ஒட்டித்தான் மீன் நிற்கும் என்பதால் அதே குறிப்பு அப்போது மீன் பிடிக்கும் இடமாகிவிடும். கோடையில் நீர் இறங்கியபோது ஒருமுறை தூண்டில் இல்லாமலே போய் கரையோரம் நடந்து படமெடுத்து வாருங்கள். அதைவிட நல்ல வரைபடம் கடையில் கிடைக்காது.

படகில் இரண்டு மாற்று ஷியர் பின் (பங்கா எதிலாவது மோதினால் தானே உடைந்து என்ஜினைக் காக்கும் ஆணி), பங்கா நட், பிளையர் வேண்டும். கரையேறியதும் பங்காவைக் கழற்றி, பின்னால் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பழைய வலைத்துண்டும் அறுந்த நரம்பும் தண்டில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும்.

ட்ரெய்லர் சக்கரத்தின் பேரிங் வருஷத்துக்கு ஒன்று போகிறது. (கே.ஆர். புரம்)

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிச் சூடான ஹப்பை நேராகத் தண்ணீரில் இறக்குகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வந்ததும் இருபது நிமிடம் டீ குடித்துவிட்டு, ஹப்பில் கை வைத்துப் பார்த்து இறக்குங்கள். தண்ணீரைத் தாங்கும் மரைன் கிரீஸ் போடுங்கள்.

ஆகஸ்ட்டில் நிறுத்திவைத்த படகு தீபாவளிக்கு ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோலில் தண்ணீர் என்கிறார் மெக்கானிக். கலப்படமா? (பனஸ்வாடி)

பெட்ரோல் பங்கைக் குறை சொல்லுமுன் எத்தனாலை நினையுங்கள். நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலப்பு 2025-இல் எட்டப்பட்டுவிட்டது. பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் அனுமதிப்பது 10 வரைதான். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் படியும், என்ஜின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பழைய ரப்பர் குழாய்களையும் அது இளக்கும்.

அன்றன்றைக்கு வேண்டிய அளவே நிரப்புங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் ஆனால் மிச்சத்தை அன்று மாலையே காரில் ஊற்றிவிடலாம், ஆயில் கலந்ததை ஊற்ற முடியாது. டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். நிறுத்திவைக்கும் முன் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். நல்ல பெட்ரோலில் சேர்க்கும் ஸ்டெபிலைசர் கொஞ்சம் தாங்கும், பிரிந்துபோனதை அது ஒட்டவைக்காது.

மழைக்காலத்தில் இன்னொன்று: படகின் வடிகால் மூடியைக் கழற்றி, அணியத்தை (முன்பக்கத்தை) உயர்த்தி நிறுத்துங்கள். 100 மில்லிமீட்டர் மழை மூடாத 14 அடி படகில் அரை டன் தண்ணீராகும். ட்ரெய்லர் ஸ்பிரிங்கும் ஃபைபர் அடியும் தாங்காது.

அல்சூர், ஹெப்பாள் ஏரிகளில் விடலாமா? யாரிடம் அனுமதி? (விவேக் நகர்)

நகர ஏரிகளில் சொந்தப் படகை இறக்கும் எண்ணம் வேண்டாம். ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் மோட்டாரைத் தின்றுவிடும், அது ஒருபுறம். ஏரியையும் மீன்பிடி உரிமையையும் கவனிக்கும் துறைகள் தனித்தனியாக இருக்கின்றன. வெளியூர் அணையானால் மீன்வளத் துறையிடமும் அணையை நிர்வகிக்கும் நீர்வளத் துறையிடமும் எழுத்தில் கேளுங்கள், காட்டை ஒட்டிய நீரானால் வனத்துறையிடமும். இயந்திரம் பொருத்திய படகுக்கு 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தின்படி பதிவும் ஆய்வும் உண்டு. அங்கே தொழில் செய்யும் மீனவர்களின் வலைக்குக் குறுக்கே போகாதீர்கள், அவர்களுக்கு அது அன்றைய வருமானம். காவிரியில் திமில் மசீர் 2018-இலிருந்து அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. தப்பித்தவறி மாட்டினால் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

நன்றாக நீந்துவேன். லைஃப் ஜாக்கெட் தூண்டில் வேலைக்கு இடைஞ்சல். படகில் வைத்திருந்தால் போதாதா? (ஸ்ரீராமபுரம்)

போதாது. ராடு ஹோல்டர் பக்கம் குனியும்போது விழுகிறவருக்குப் படகின் பெட்டிக்குள் இருக்கும் ஜாக்கெட்டால் ஒரு பயனும் இல்லை. மெதுவாகப் போகிற படகுதானே என்கிறீர்கள். 4 கிலோமீட்டர் வேகத்தில் ஆளில்லாமல் ஓடும் படகை, உடுப்போடும் செருப்போடும் நீந்துகிறவர் எட்டிப்பிடிக்க முடியாது. என்ஜினின் கில்-ஸ்விட்ச் கயிறு உங்கள் மணிக்கட்டில் இருக்க வேண்டும், விழுந்த கணமே என்ஜின் நின்றுவிடும். எலெக்ட்ரிக் மோட்டாருக்கும் அப்படியொரு காந்தச் சாவி உண்டா என்று பார்த்து வாங்குங்கள். ஜாக்கெட் 100 நியூட்டன் மிதவைத்திறன் உள்ளதாக, கை அசைவுக்கு இடம்விடும் வெட்டில் எடுங்கள். குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்கேற்ற அளவு, தொடை இடுக்கில் பட்டையோடு. இதில் யாருக்கும் விதிவிலக்கு சொல்ல நான் தயாரில்லை.

கியர் ஆயில் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது. மாற்றினால் சரியாகுமா? (கே.ஜி.எஃப்.)

மாற்றுவது மட்டும் போதாது, தண்ணீர் புகும் வழி திறந்திருக்கிறது. முதலில் வடிகால் திருகுகளின் வாஷரை மாற்றிப் பாருங்கள், மலிவான காரணம் அதுதான். அடுத்து பங்கா தண்டின் சீல். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக மேல் துளையில் வழியும் வரை ஏற்றுங்கள், மேலிருந்து ஊற்றினால் காற்று தங்கிவிடும். மேல் திருகை முதலில் மூடிவிட்டுக் கீழ்த் திருகை மூடுங்கள். அடுத்த முறை ஓட்டி வந்ததும் ஒரு இரவு நிறுத்தி, கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தினால், முதலில் வருவது தண்ணீரா ஆயிலா என்று தெரிந்துவிடும்.