எனக்கு முப்பத்தொரு வயசு

சார், வேளச்சேரில இருக்கேன், வயசு 31, ஐடி வேலை. அப்பா வாங்கி வச்சிருந்த ரஷ்ய நாவல்களை எல்லாம் தமிழ்ல படிச்சு வளர்ந்தவன். ஒண்ணையாவது ஒரிஜினல்ல படிக்கணும்னு டுவோலிங்கோ ஆப்ல ரஷ்யன் ஆரம்பிச்சு, ஒரு நாள் விடாம 200 நாள் ஸ்ட்ரீக் தாண்டியாச்சு. எழுத்து கூட்டி படிக்க வருது, வேற்றுமைன்னு வந்தா தலை சுத்துது. ஆழ்வார்பேட்டை கிளாஸ்ல சேரலாமா? இந்த வயசுல வருமா?
கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

வயசுலருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கிலீஷ்ல 'ஐ ஆம் தர்ட்டி ஒன்'. ரஷ்யன்ல 'ம்னியே த்ரீட்ஸத் அதீன் கோத்'. ம்னியேன்னா 'எனக்கு'. எனக்கு முப்பத்தொரு வயசு, அவ்ளோதான், அப்படியே நம்ம வாக்கியம். எனக்கு குளிருது, எனக்கு பிடிக்குது, இதுக்கெல்லாம் அங்கயும் 'எனக்கு'தான். 'அவன் டாக்டர்'னு சொல்ல நடுவுல ஒரு 'இஸ்' கிடையாது, ஏ, தி எல்லாம் கிடையவே கிடையாது. பேனாவால எழுதுறேன்னு சொல்ல 'பேனா'ங்கிற சொல்லோட வாலை மட்டும் மாத்துனா போதும், முன்னாடி எதையும் ஒட்டவேணாம். நீங்க இதை எல்லாம் இங்கிலீஷ் வழியா சுத்தி வந்து படிக்கிறீங்க, அதான் தலை சுத்துது. தமிழோட எட்டு வேற்றுமைய பள்ளிக்கூடத்துல ஒப்பிச்ச ஆளு ரஷ்யனோட ஆறு வேற்றுமைக்கு பயப்படலாமா?

ஒரு வித்தியாசம் இருக்கு, மறைக்கல. நமக்கு 'ஐ'னா எல்லாத்துக்கும் ஐ, 'கு'ன்னா கு. அவங்களுக்கு ஆண்பால் பெண்பால் ஒருமை பன்மை பாத்து உருபு மாறும், மேஜை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் ரெண்டும் இல்ல. அட்டவணைய மனப்பாடம் பண்ணாதீங்க, நான் பண்ணேன், வீண். அன்கில (கார்டு கார்டா மனப்பாடம் பண்ற ஆப்) தனிச்சொல்லா போடாம நீங்க உண்மையில சொல்லக்கூடிய முழு வாக்கியமா போடுங்க, பின்பக்கம் தமிழ்ல, முக்கியமா இங்கிலீஷ்ல வேணாம். படிச்சேன், படிச்சிட்டேன், இந்த வித்தியாசம் தெரிஞ்சவனுக்கு ரஷ்ய வினைச்சொல் ஏன் ஜோடி ஜோடியா வருதுன்னு பாதி புரிஞ்ச மாதிரி (முழுசா பொருந்தாது, ஆனா முதல் வருஷத்துக்கு தாராளம்).

நிஜமான வில்லன் வேற, அழுத்தம். எந்த அசையில அழுத்தணும்னு சாதாரண புத்தகத்துல அச்சடிக்கவே மாட்டாங்க, அழுத்தம் இல்லாத 'ஓ' 'அ' மாதிரி ஆயிடும், பால் எழுத்துல 'மொலோகோ' வாயில 'மலகோ'. தண்ணிக்கு 'வதா', ஆனா தண்ணிய குடுன்னா அழுத்தம் முன்னாடி தாவி 'வோது'. நான் ஒருநாள் கிளாஸுக்கு லேட்டா போயி, வீட்டு பூட்டு உடைஞ்சிருச்சு மேடம்னு சொல்லப்போக, பூட்டு 'ஸமோக்', நான் சொன்னது 'ஸாமக்', அது கோட்டை. எங்க வீட்டு கோட்டை உடைஞ்ச கதைய அந்தம்மா கோர்ஸ் முடியிற வரைக்கும் விடல. அதனால புது சொல் எதையும் விக்சனரிங்கிற ஆன்லைன் அகராதில அழுத்தக்குறி பாக்காம, ஃபோர்வோங்கிற உச்சரிப்பு சைட்ல ஒருத்தர் வாயால கேக்காம கார்டுல ஏத்தாதீங்க.

கிளாஸ்? கஸ்தூரி ரங்கன் ரோட்டு ரஷ்யன் கல்ச்சுரல் சென்டர்தானே, தாராளமா சேருங்க. கையெழுத்துக்காகவாவது போகணும், கூட்டெழுத்துல அவங்க 'த' நம்ம கண்ணுக்கு இங்கிலீஷ் எம் மாதிரி இருக்கும், ஆப்ல தட்டி தட்டி அது வராது. ஸ்ட்ரீக்க விடவும் வேணாம், பஸ்ல போறப்ப ஓட்டுங்க, அதை படிப்புன்னு கணக்குல எழுதாதீங்க, அவ்ளோதான்.

தமிழ் கைகொடுக்காத ஒரு எடம் மட்டும் சொல்லிடுறேன். 'கிளாஸுக்கு போறேன்'னு மொத நாளே சொல்ல சொல்லி கேப்பாங்க. நமக்கு எல்லாம் ஒரே 'போ', அவங்களுக்கு நடந்து போனா 'இத்தீ', வண்டில போனா 'யெஹத்'. வேளச்சேரிலருந்து பைக்லதான வருவீங்க? அப்ப யெஹத்.