ஜெலட்டின் இருக்கட்டும், கதவை ஏன் சாத்தினீர்கள்?

கேள்வி: போலந்தில், கிராக்கோவில் வசிக்கிறேன். கணவர் இந்த ஊர்க்காரர். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்கு, கெண்டை மீனை ஜெல்லியில் உறையவைத்து மாமியார் வருஷாவருஷம் செய்வார். இப்போது அவருக்குக் கை நடுங்குவதால் இந்த முறை என் பொறுப்பு. முள் நீக்கிய துண்டுகள் வாங்கி ஒருமுறை செய்து பார்த்தேன். அவர் வந்து நின்றால் பதற்றமாகிவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். சாறு கலங்கிவிட்டது, உறையவும் இல்லை. ஜெலட்டின் எவ்வளவு போட வேண்டும்?

பதில்: லிட்டருக்கு 25 கிராம். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சூடான சாற்றில் கரையுங்கள். அதற்குப் பிறகு கொதிக்க விடாதீர்கள்.

சரி, கேட்டதற்குச் சொல்லிவிட்டேன். கதவை ஏன் சாத்தினீர்கள்?

மாமியார் பக்கத்தில் நின்றால் கை ஓடவில்லை என்ற கடிதம் மதுரையிலிருந்தும் வருகிறது, டொராண்டோவிலிருந்தும் வருகிறது. அவர்கள் சொல்வது குத்திக்காட்டும் மாமியாரை. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு குறைகூட இல்லையே! கை நடுங்குகிறது என்பது மட்டும்தான் இருக்கிறது. விகிலியா என்கிற அந்த முந்தின இரவு விருந்தில், எதிர்பாராமல் வருகிற விருந்தாளிக்கென்று ஒரு தட்டைக் காலியாக வைக்கிற வழக்கம் உள்ள நாடு அது. முகம் தெரியாதவருக்கு மேஜையில் இடம் உண்டு, வீட்டின் மூத்தவளுக்குச் சமையலறையில் ஒரு நாற்காலி கிடையாதா? கை நடுங்கினால் கத்தி பிடிக்க முடியாது. கண்ணுக்கும் நாக்குக்கும் என்ன வந்தது?

அவர் உள்ளே இருந்திருந்தால், முள் நீக்கிய துண்டைப் பார்த்ததுமே தடுத்திருப்பார். உறைய வைக்கும் பசை மீனின் தலை, எலும்பு, தோல், துடுப்பு இவற்றில்தான் இருக்கிறது. முழுக் கெண்டை வாங்குங்கள். செவுளை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சாறு கசக்கும். தலையையும் முள்ளையும் கேரட், வெங்காயம், செலரி வேர், பிரிஞ்சி இலை, ஆல்ஸ்பைஸோடு குளிர்ந்த நீரில் போட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வையுங்கள். தளதளவென்று கொதித்தால் கலங்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். வடிகட்டிய சாற்றில் மீன் துண்டுகளை மெதுவாக வேகவிட்டு எடுங்கள். சாற்றை ஒரு கரண்டி தட்டில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள். உறையவில்லை என்றால்தான் ஜெலட்டின் தேவை. அங்கே கடையில் கிடைக்கும் பொடி பெரும்பாலும் பன்றித் தோலில் செய்தது, அதுவோ மரபாக இறைச்சி விலக்கும் இரவு. மாமியார் அதைச் சேர்ப்பாரா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

உங்கள் கணவரும் கூட நிற்கட்டும். அவருடைய அம்மாவின் கைப்பக்குவத்தை மகன் கற்காமல் மருமகள் தலையில் மட்டும் கட்டுவதை எந்த ஊரிலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மீனைச் செதிள் நீக்கிச் சுத்தம் செய்வது அவர் வேலை.

23-ஆம் தேதி காலையிலேயே தொடங்குங்கள், ராத்திரி முழுக்கக் குளிரில் இருக்க வேண்டும். கேரட் வில்லையையும் அவித்த முட்டையையும் தட்டில் எப்படி அடுக்குவது என்று மாமியார் சொல்லட்டும், நீங்கள் அடுக்குங்கள். ஆறினால் உப்பு மந்தமாகத் தெரியும், அதனால் சூட்டில் ஒரு துளி தூக்கலாக இருக்க வேண்டும். ஊற்றுவதற்கு முன் அவருக்கு ஒரு கரண்டி கொடுத்து, போதும் என்று அவர் சொன்ன பிறகு ஊற்றுங்கள்.