செருப்பை எடுத்து வந்து வைக்கிற பிள்ளை

புதுச்சேரியில் 27 ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்து வரும் நமது ஆலோசகர், இந்த இதழில் மூன்று கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது நான்கு மாதம். இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. "ம்ம்", "ஆ" என்ற இரண்டு ஒலிகள்தான். நாங்கள் சொல்வது எல்லாம் அவனுக்குப் புரிகிறது. எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதுமே என் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைப்பான். என் கையைப் பிடித்துத் தாழ்ப்பாளின் மேல் வைப்பான். தூங்க வைத்துச் செய்த காதுப் பரிசோதனை சரியாக இருக்கிறது. தலை ஸ்கேனும் சரி. ஆட்டிசம் இல்லை என்று ஒரு டாக்டர் சொன்னார். இன்னொருவர் ஐந்து வயது வரை பொறுங்கள் என்கிறார். குமரகுருபரரே ஐந்து வயது வரை பேசவில்லை என்று மாமியார் ஆறுதல் சொல்லி, நாக்கில் வசம்பு தேய்க்கிறார். நாக்கின் அடியை வெட்டிவிட்டால் பேசுவான் என்கிறார் ஓர் உறவினர். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார்கள். போன் கொடுத்துக் கெடுத்தேன் என்றும் சொல்கிறார்கள். சைகை கற்றுக்கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. காரணம் என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் என்ன தவறு செய்தேன்?
— வாசகி, கடலூர்

பதில்: கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, அந்தச் செருப்பைப் பற்றிய வரிகளை மட்டும் மறுபடி படித்தேன். ஒரு சத்தத்தைக் கேட்கிறான். அது ரயில் என்று அறிகிறான். பார்க்க ஆசைப்படுகிறான். அம்மா துணை வேண்டும், அம்மா கிளம்பச் செருப்பு வேண்டும், கதவு திறக்கத் தாழ்ப்பாளைத் தூக்க வேண்டும் என்று வரிசையாக யோசிக்கிறான். சகோதரி, இது ஒரு முழு வாக்கியம். "அம்மா, ரயில் வருகிறது, கதவைத் திற" என்று உங்கள் மகன் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். வாய்தான் இன்னும் வந்து சேரவில்லை.

கிரகணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதற்கும் பேச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இதை உங்கள் கணவரிடமும் மாமியாரிடமும் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள். போனைப் பொறுத்தவரை, இவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு ஒரு சொல்கூட வராததற்கு அதைக் காரணமாக்க முடியாது. ஆனால் போன் ஓடும் நேரத்தில் அவனோடு யாரும் பேசுவதில்லை. அந்த நேரம் நமக்குத் தேவை, அதற்காகக் குறையுங்கள்.

இனி காரணம். தூங்க வைத்துச் செய்யும் பெரா பரிசோதனை, சத்தம் காதிலிருந்து நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று பார்க்கிறது. ஸ்கேன் மூளையின் அமைப்பைக் காட்டுகிறது. பேசுவதற்கு நாக்கையும் உதட்டையும் மூச்சையும் மூளை எப்படி ஒருங்கிணைத்து ஏவுகிறது என்பதை இந்த இரண்டும் காட்டாது. சில பிள்ளைகளுக்குச் சொல் மனதில் தயாராக இருக்கும், வாய்க்கான உத்தரவு மட்டும் ஒழுங்காகக் கிளம்பாது. இதை அப்ராக்சியா என்பார்கள். உதட்டில் ஒட்டிய பாயசத்தைத் தானாக நக்கிவிடுவான். "நாக்கை நீட்டு" என்றால் திணறுவான். ஒரே சொல் இன்று ஒரு மாதிரியும் நாளை வேறு மாதிரியும் வரும். என்றோ ஒருநாள் தெளிவாக வந்த சொல் பிறகு தேடினாலும் கிடைக்காது. உங்கள் மகனுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது. இரண்டே ஒலிகள் இருக்கும் பிள்ளைக்கு, நேரில் பார்ப்பவர்களே உறுதியாகச் சொல்லத் தயங்குவார்கள்.

பெயர் கிடைத்தாலும் காரணம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பாதிப் பேருக்குப் பேச்சு சரியாக வரவில்லை. அவர்களை ஆராய்ந்து, 2001இல் ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவில் இருந்த கோளாற்றைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு இன்னும் சில மரபணுக்கள் தெரியவந்திருக்கின்றன. அப்படியும் என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்குக் காரணம் கடைசிவரை தெரிவதில்லை. ஆனால் பயிற்சி காரணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தக் காரணமாக இருந்தாலும் நாளைக் காலை நாம் செய்யப்போவது ஏறக்குறைய ஒன்றுதான்.

ஐந்து வயது வரை பொறுங்கள் என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. மூளை வேகமாகக் கற்றுக்கொள்கிற ஆண்டுகள் இவை. இரண்டு வயதில் ஐம்பது சொற்களாவது இருக்க வேண்டும், இரண்டிரண்டு சொற்களாகச் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது கணக்கு. மூன்றேகால் வயதில் ஒரு சொல்லும் இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சும்மா இருக்கச் சொல்வது நியாயமே இல்லை. குமரகுருபரர் கதையை உங்கள் மாமியார் அன்போடு சொல்கிறார். திருச்செந்தூரில் முருகன் அருளால் வாய் திறந்தார் என்பது நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த வரலாறு. அந்தக் கதையிலும் பெற்றோர் காத்திருக்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் புறப்பட்டுப் போனார்கள். இதை அவரிடம் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார். வசம்பை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பச்சைப் பிள்ளைகளுக்கு வசம்பைக் கொடுத்து வாந்தியும் மயக்கமும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் தெளிவில்லாமல் வரலாம், பேச்சே வராமல் போகாது. அதற்காகக் கத்தியிடம் போக வேண்டாம்.

சைகையைப் பற்றிய பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, என்னிடம் வருகிற பெற்றோர் பெரும்பாலோர் இதைத்தான் கேட்கிறார்கள். சைகையும் படமும் பேச்சைத் தடுப்பதில்லை. பல பிள்ளைகளுக்குப் பேச்சு வர உதவியே செய்திருக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் கடலூர் துறைமுகம் பக்கத்திலிருந்து ஒரு மீனவப் பெண் தன் நான்கு வயது மகளோடு வருவார். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவர். தினத்தாள் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அவரே படம் வரைந்தார். சோற்றுக்கு ஒரு தட்டு, தண்ணீருக்கு ஒரு குடம், ஒரு பஸ். ஆயா வீட்டுக்குத் தென்னை மரம், அங்கே வாசலில் தென்னை நின்றதாம். எல்லாவற்றையும் ஒரு கம்பியில் கோத்து, மகளின் கைக்கு எட்டும்படி அடுப்படியில் மாட்டினார். முதல் வாரம் மகள் தென்னை மரத்தை மட்டும் பதினைந்து முறை பிடுங்கிக் கொண்டுவந்தாள். "தினமும் எங்க அம்மா வீட்டுக்குப் போகணும்னு கேக்குதுங்க" என்று அவர் அழுதுகொண்டே சிரித்தது என் கண்ணிலேயே நிற்கிறது. அதற்குமுன் அந்தக் குழந்தை காரணமில்லாமல் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வதாகத்தான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அவளுக்கு ஐந்தரை வயதில் "ஆயா" என்ற சொல் வந்தது. இன்று மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். நிதானமாகப் பேசுகிறாள், நீளமான சொற்களில் இப்போதும் தடுக்குகிறாள். காரணம் தெரியவே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் இந்த அளவுக்கு வந்துவிடுவார்கள் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வாக்குக் கொடுத்துப் பணம் கேட்கிற எவரிடமும் போகாதீர்கள்.

இனி உங்கள் வாசற்படிக்கு வருகிறேன். முதலில், "சொல்லு, சொல்லு" என்ற சொல்லை வீட்டை விட்டே துரத்துங்கள். இது என்ன, அது என்ன என்று பரீட்சை வைக்காதீர்கள். முடியாத ஒன்றை நாள் முழுதும் கேட்டால் பெரியவர்களுக்கே வாய் அடைத்துப்போகும். அடுத்த முறை அவன் செருப்பைக் கொண்டுவந்ததும் உடனே கதவைத் திறந்துவிடாதீர்கள். அவன் முகத்துக்கு நேராக உட்காருங்கள். தாழ்ப்பாளைத் தொட்டபடி, உதட்டைக் குவித்து, "போ" என்று ஒருமுறை சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முதலில் பத்து என்பது யுகமாகத் தோன்றும். அவன் பார்வை உங்கள் உதட்டுக்கு வரும். உதடு குவிந்தால் போதும், "ம்ம்" என்றாலும் போதும், கையால் கதவைக் காட்டினாலும் போதும். "போ! போவோம்!" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிடுங்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் திறந்துவிடுங்கள், ரயில் அவனுக்காக நிற்காது. ரயில் என்ற சொல் இப்போது வேண்டாம், அதில் ரகரமும் லகரமும் இருக்கின்றன. "கூ" போதும்.

நம் மொழியே இதற்குக் கைகொடுக்கிறது. ஒரே எழுத்தில் முழுப் பொருள் தருகிற சொற்கள் நம்மிடம் 42 இருப்பதாக இலக்கணம் எண்ணி வைத்திருக்கிறது. வா, போ, தா, பூ, ஈ எல்லாம் ஓரெழுத்துதான். ஒரு மூச்சில் முடிகிற சொல், சொன்னவுடன் பலன் கிடைக்கிற சொல். "தா" என்றால் முறுக்கு வரும், "வா" என்றால் அப்பா வருவார். இரண்டோ மூன்றோ சொற்களை எடுத்துக்கொண்டு, நாளுக்கு ஐந்தாறு தடவை, தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் செய்யுங்கள். வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

நேரில் பார்க்க கோரிமேடு ஜிப்மரின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்குமானால், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ரயிலின் கனத்த சத்தம் கேட்பது வேறு, ச, த போன்ற மெல்லிய ஒலிகளைப் பிரித்துக் கேட்பது வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும் வழியில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பேச்சு, செயல், மனவளர்ச்சி எல்லாவற்றையும் அங்கே ஒரே வளாகத்தில் பார்ப்பார்கள். கடலூரிலிருந்து அந்தச் சாலையில் போகிற பஸ்ஸிலேயே இறங்கலாம். போகும்போது அந்தச் செருப்புக் காட்சியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். புதிய அறையில் பிள்ளை ஒடுங்கி உட்கார்ந்துவிடுவான், வீட்டில் அவன் எவ்வளவு சொல்கிறான் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: பாரிசில் இருக்கும் என் பேரனுக்கு இரண்டே கால் வயது. பத்துச் சொற்களுக்கு மேல் பேசவில்லை. வீட்டில் தமிழ், காப்பகத்தில் பிரெஞ்சு. தமிழை நிறுத்திவிடச் சொல்லட்டுமா?
— தாத்தா, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம் ஐயா. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. தண்ணீரைத் "தண்ணி" என்றும் பிரெஞ்சில் "ஓ" என்றும் சொன்னால் அதை இரண்டு சொல்லாகவே எண்ணுங்கள். இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணியும் பத்துதான் என்றால், காதுப் பரிசோதனை செய்து பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. பிரான்சில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரசின் தாய்சேய் நல மையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள், பேரனின் பெற்றோரை அங்கே போகச் சொல்லுங்கள். தினமும் வீடியோவில் பேசுகிறீர்கள் அல்லவா? அவனிடம் கேள்வி கேட்காமல், உங்கள் வீட்டு அணிலைக் காட்டிக் கதை சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் மையத்துக்கு வரும் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருபது சொல்லுக்கு மேல் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். கண்ணேறு என்கிறார் அம்மாச்சி. பொறுத்துப் பார்க்கலாமா?
— அங்கன்வாடிப் பணியாளர், பரங்கிப்பேட்டை

பதில்: கூடவே கூடாது. இந்த மூன்று கடிதங்களில் அவசரமானது உங்களுடையதுதான். பேச்சு வராமல் இருப்பது ஒன்று, வந்த பேச்சு போவது வேறொன்று. இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள். கேட்கும் திறன், ஆட்டிசம், வலிப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். வெளியே தெரியாத வலிப்பும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க, தூங்கும்போது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை உங்கள் மையத்துக்கு வரும். அந்த வண்டி வரும் என்று காத்திருக்காமல், இன்றே அவர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள். குழந்தையின் தாயிடம் பழைய வீடியோ இருந்தால் கொண்டுபோகச் சொல்லுங்கள். அவள் எந்தெந்தச் சொல்லை எப்போது நிறுத்தினாள் என்பது உங்களுக்குத்தான் நினைவிருக்கும், அதை ஒரு தாளில் தேதியோடு எழுதித் தாயின் கையில் கொடுத்துவிடுங்கள்.