வாத்தைக் கேட்டால் மீன்

கே: ஒளிந்து வாழ்ந்த ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை' நாவலை அமெரிக்கப் பள்ளிகளில் இன்னும் பாடமாக வைக்க வேண்டுமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதில் கதை சொல்லும் பையன் ஹோல்டனைப் பிடிக்கவில்லையாமே?

ப: ஒளிந்தா? 1953 முதல் 2010இல் சாகும்வரை நியூ ஹாம்ப்ஷயரில் கார்னிஷ் என்ற ஒரே ஊர். ஆற்றைத் தாண்டினால் வெர்மான்டின் ஹார்ட்லண்ட். அங்குள்ள தேவாலயத்தில் அப்போது 12 டாலர் மாட்டிறைச்சி விருந்து. மனிதர் ஒன்றரை மணி நேரம் முன்பே ஆஜராகி, சின்ன நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பார். பிறகு பை வைக்கும் மேஜைப் பக்கமாக இடம் பிடிப்பார். (தோளில் மாட்டும் பை அல்ல, தின்கிற பை.) பாயச வாளி எந்த முனையிலிருந்து கிளம்பும் என்று தெரிந்து இலை போடுகிறவரைத்தான் நாம் துறவி என்கிறோம். உள்ளூர்க்காரர்கள் எல்லாருக்கும் அவர் வீடு தெரியும். தேடி வந்த நிருபர்களுக்கு மட்டும் வழி மாற்றிச் சொல்வார்கள்.

அவர் பூட்டியது காகிதத்தை. நாவலின் மூன்றாம் அச்சிலிருந்து பின்னட்டையில் தன் படமே வேண்டாம் என்று எடுக்கவைத்தார். (தாடையைக் கையால் தாங்காமல் படம் எடுத்துக்கொள்ளத் தெரியாத நம் எழுத்தாளர்கள் கவனிக்க.) இயான் ஹாமில்டன் என்ற எழுத்தாளர் இவர் வாழ்க்கை வரலாற்றை எழுதி, அதில் இவர் கடிதங்களைப் பயன்படுத்தப் போக, 1986இல் வழக்கு. 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவர் பக்கம் நின்றது: தாள் பெற்றவருக்குச் சொந்தம், வாசகம் எழுதியவருக்குச் சொந்தம். ஆனால் வழக்குப் போட, முதலில் 79 கடிதங்களைக் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய வேண்டியிருந்தது. பதிந்ததை அங்கே யாரும் போய்ப் படிக்கலாம்! 1999இல் வேறு 14 கடிதங்கள் 1,56,500 டாலருக்கு ஏலம் போயின. அவ்வளவு கொட்டிக் கொடுத்தவருக்கும் அதில் ஒரு வரி அச்சிட உரிமை கிடையாது. 'ஆள்தான் போய்விட்டாரே' என்று மொழிபெயர்ப்புக்குக் கிளம்பும் நம் பதிப்பாளர்களும் கேட்டுக்கொள்ளட்டும்: இந்தியச் சட்டத்தில் இறந்த பின் 60 ஆண்டு. 2070 முடியும்வரை அனுமதி வாங்கியாக வேண்டும்.

பாடமா? தாராளமாக வைக்கட்டும், பரீட்சை வைக்காமல் இருந்தால். மொத்தம் 26 அத்தியாயம், அத்தனையும் வாய்ப்பேச்சு. நாளுக்கு ஒன்று வகுப்பில் உரக்க வாசித்தால் ஆறு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதை விட்டு, 'ஹோல்டனின் சிவப்புத் தொப்பி எதைக் குறிக்கிறது?' என்று நோட்ஸ் போட்டு மௌனமாகப் படிக்கவைத்தால் குரல் செத்துவிடும். மிஞ்சுவது ஒரு பணக்கார வீட்டுப் பையனின் புலம்பல். அதை யாருக்குப் பிடிக்கும்? ஐந்து பாடத்தில் நாலில் தோற்றவன் ஹோல்டன். அவன் பள்ளியில் பேச்சு வகுப்பு ஒன்று உண்டு. பேசுகிறவன் தலைப்பை விட்டு நகர்ந்தால் மற்றவர்கள் 'தடம் மாறிட்டான்!' என்று கத்த வேண்டும். ஒரு பையன் அப்பாவின் பண்ணையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, 42 வயதில் போலியோ வந்த மாமாவிடம் போய்விடுகிறான். வகுப்பே கத்துகிறது. ஹோல்டனுக்கோ அந்த மாமாவைத்தான் பிடிக்கிறது. அந்த வகுப்பிலும் ஃபெயில்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் குளம் உறைந்தால் வாத்துகள் எங்கே போகும் என்று டாக்ஸி டிரைவரிடம் கேட்கிறான். ஹார்விட்ஸ் என்ற அந்த டிரைவர் எரிந்து விழுந்துகொண்டே மீனைப் பற்றி விளக்குகிறார்: மீன் எங்கேயும் போகாது, பனிக்கட்டிக்குள்ளேயே இருந்து உடம்புத் துளை வழியாகத் தின்னும். பரீட்சையில் இதற்கு முட்டைதான் போடுவார்கள். நான் என்றால் அவரை இந்தப் பக்கத்துக்கு உதவி ஆசிரியராகப் போட்டிருப்பேன்.